தினமும் இரண்டு பத்தி படித்தும் மதிப்பெண் ஏன் ஏறவில்லை? சீனாவின் ஜுவான் ஷெங் பென் தேர்வும் ஆங்கில வாசிப்பும்

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்திலுள்ள யிவு நகரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: "என்னோடு வேலை செய்யும் சீன அக்காவின் தங்கை மூன்றாண்டு டிப்ளமோ கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். ஏப்ரலில் ஜுவான் ஷெங் பென் தேர்வு எழுதப்போகிறாள். தினமும் இரண்டு ஆங்கிலப் பத்தி படித்து, அதன் கீழுள்ள கேள்விகளுக்கு விடை குறிக்கிறாள். இரண்டு மாதமாகியும் இருபது கேள்விக்கு ஒன்பது, பத்துக்கு மேல் வரவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?"

அதே மாகாணத்து ஹாங்ஜோவில் இதே தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். இதே ஒன்பது, பத்தில் நின்றுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. பயிற்சி செய்த விதம்தான் தவறு. விதத்தை மாற்றினால் நான்கைந்து மாதத்தில் நல்ல முன்னேற்றம் வரும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றி. 'ஜுவான்' என்பது மூன்றாண்டு டிப்ளமோ, 'பென்' என்பது நான்காண்டுப் பட்டப்படிப்பு, 'ஷெங்' என்றால் மேலே ஏறுவது. டிப்ளமோ கடைசி வருடத்தில் இந்தத் தேர்வு எழுதித் தேறினால், பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு வருடத்தில் பட்டம் வாங்கலாம். நம் ஊரில் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக நடத்துகிறது. பெயர்கூட மாறும்: ஜியாங்சுவில் ஜுவான் ஜுவான் பென், ஹெபெயில் முன்பு ஜுவான் ஜியெ பென் என்றிருந்தது. 2020 பிப்ரவரியில், கொரோனா தொடங்கிய நேரத்தில், இந்த வழியாகச் சேர்வோர் எண்ணிக்கையை ஒரே வருடத்தில் சுமார் 3,22,000 கூட்டப்போவதாகச் சீனக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. அதற்குப் பிறகு கூட்டமும் போட்டியும் நன்றாகக் கூடிவிட்டன.

பெரும்பாலான மாகாணங்களில் ஆங்கிலம் பொதுப்பாடம். ஹெனானில் மொத்தம் 300 மதிப்பெண்ணில் ஆங்கிலம் மட்டும் 150. ஜியாங்சுவில் 500க்கு 120, ஷான்டாங்கில் 400க்கு 100. உங்கள் ஜெஜியாங்கில் நான் கற்பித்த காலத்தில் தாள் இரண்டுதான்: கலைப் பிரிவுக்குச் சீன மொழியும் ஆங்கிலமும், அறிவியல் பிரிவுக்குக் கணிதமும் ஆங்கிலமும், தலா 150. அந்த ஆங்கிலத் தாளில் வாசிப்புக்கு மட்டும் 60. பாடத்திட்டம் அவ்வப்போது மாறும் என்பதால், இந்த வருட விவரத்தை மாகாணத் தேர்வு ஆணையத்தின் அறிவிப்பில் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஜெஜியாங்கில் அந்த வருடம் டிப்ளமோ முடிப்பவர்கள் மட்டுமே எழுதலாம் என்பது வழக்கமான விதி. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த அக்கா ஏன் இவ்வளவு பதறுகிறார் என்பது இதிலேயே புரியும்.

சரி, ஒன்பது மதிப்பெண்ணுக்கு வருவோம்.

சீன மாணவர்கள் 'ஷுவா தி' என்று ஒரு சொல் சொல்வார்கள். ஷுவா என்றால் தூரிகையால் தேய்ப்பது, தி என்றால் கேள்வி. கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்துத் தள்ளிக்கொண்டே போவது. அந்தப் பெண் செய்வது இதுதான். பத்தியைப் படிக்கிறாள், விடையைக் குறிக்கிறாள், பின்பக்கம் திருப்பிச் சரிபார்க்கிறாள், தப்பானதைப் பார்த்து "ஓ, பி-யா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறாள். இரண்டு மாதத்தில் நூற்றுக்கு மேல் பத்தி கைவழியே போயிருக்கும். ஒரு பத்திகூட முழுதாக மனதுக்குள் போயிருக்காது. கணிதத்தில் ஒரே மாதிரிக் கணக்கை நூறு தடவை போட்டால் கை பழகும். வாசிப்பில் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பத்தியிலும் தடுக்கி விழும் இடம் வேறு.

அதனால் முதல் வேலை, எங்கே தடுக்கி விழுகிறாள் என்று கண்டுபிடிப்பது. இதற்கு நான் இரண்டு பேனா முறையைப் பயன்படுத்துவேன். முந்தைய வருட வினாத்தாள் ஒன்றிலிருந்து நான்கு பத்தி, இருபது கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள். பத்திக்கு எட்டு நிமிடம் கொடுத்து நீலப் பேனாவால் விடை குறிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் சரியான விடைகளைக் காட்டாதீர்கள். இது முக்கியம். அன்று மாலையோ மறுநாளோ, அதே நான்கு பத்தியை நேரக் கணக்கே இல்லாமல், அகராதி வைத்துக்கொண்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள். விடையை மாற்ற நினைத்தால் சிவப்புப் பேனாவால் மாற்றட்டும். அதன் பிறகுதான் சரிபார்க்க வேண்டும். இப்போது உங்கள் கையில் இரண்டு மதிப்பெண் இருக்கும். நீலம் ஒன்பது, சிவப்பு பதினாறு என்றால் அவளுக்கு மொழி தெரிகிறது, வேகமும் சொல்வளமும்தான் குறைவு. நீலம் ஒன்பது, சிவப்பும் பத்து என்றால் நேரம் எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை, வாக்கியமே பிடிபடவில்லை என்று பொருள். இந்த இரண்டு நோய்க்கும் மருந்து வேறு. பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் இரண்டுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கின்றன.

சொல்வளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிப்ளமோ கல்லூரிகளுக்கு 2000-ஆம் ஆண்டு வகுத்த ஆங்கிலத் திட்டத்தில் 'பி' நிலைக்கு 2,500 சொல், 'ஏ' நிலைக்கு 3,400 சொல் என்று கணக்கு வைத்தார்கள். நாலாயிரத்தை நெருங்கினால் இந்தத் தேர்வுக்குப் போதும் என்பது என் அனுபவம். மொழிக் கல்வி ஆய்வாளர் பால் நேஷனும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவரும் 2000-இல் ஒரு கணக்கு சொன்னார்கள்: யார் உதவியும் இல்லாமல் ஒரு பத்தி நன்றாகப் புரிய, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். முந்நூறு சொல் கொண்ட பத்தியில் தெரியாத சொல் ஆறு இருக்கலாம். பதினைந்து ஆகிவிட்டால் 95 சதவீதம், அங்கேயே புரிதல் ஆட்டம் காணத் தொடங்கும். அந்தப் பெண்ணின் பத்தியில் தெரியாத சொற்களை ஒரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துக்குள் இருந்தால் சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதில் இனியும் நேரம் போடத் தேவையில்லை.

ஆனால் ஒரு வகைச் சொல் இந்த எண்ணிக்கையில் சிக்காது. சீன ஆசிரியர்கள் அதை 'ஷூ சி பி யி' என்பார்கள்: பழகிய சொல், பழகாத பொருள். செல்போன் செயலியில் 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று படித்து வைத்திருப்பாள். வினாத்தாளில் அரசாங்கம் ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்தது, அதாவது தீர்க்க முனைந்தது, என்று வரும். தெரிந்த சொல்தானே என்று கண் அதைத் தாண்டிவிடும், வாக்கியம் மட்டும் பொருளற்று நிற்கும். 'ஃபைன்' என்றால் நலம் என்றுதான் அவர்களுக்கு முதலில் தெரியும். போலீஸ் போடும் ஃபைன் நமக்குத் தமிழ்ப் பேச்சிலேயே பழகிவிட்டது, அவர்களுக்கு அது புதிது. 'புக்' என்றால் புத்தகம் மட்டும்தான், டிக்கெட் 'புக்' செய்வது தெரியாது. இப்படிப்பட்ட சொற்கள் அகப்படும்போது, சொல்லை மட்டும் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். நான்கு மாதத்தில் நூற்றைம்பது, இருநூறு சேரும். கடையில் வாங்கும் எந்தப் பட்டியலைவிடவும் அந்த நோட்டு மதிப்புள்ளது.

இனி வாக்கியத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. இதைத் தமிழ் பேசும் நீங்கள் அவளுக்கு விளக்குவது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் விளக்குவதைவிட எளிது. ஏன் என்று சொல்கிறேன்.

"நேற்று வந்த பையன்" என்கிறோம். சீனத்தில் இதை "ட்ஸுவோதியென் லாய் த நான்ஹாய்" என்பார்கள். ட்ஸுவோதியென் நேற்று, லாய் வருவது, நான்ஹாய் பையன். நடுவில் இருக்கும் 'த' என்ற சின்ன ஒட்டு, நம் 'வந்த' என்பதில் இருக்கும் பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்கிறது. வரிசை அப்படியே நம்முடையது. ஒருவரைப் பற்றிய விவரம் எவ்வளவு நீளமானாலும் முன்னால் வரும், பெயர் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் தலைகீழ்: முதலில் பையன், பிறகு அவன் நேற்று வந்தான் என்ற வால்.

இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "தி ஷாப் தட் மை அங்கிள் ஓப்பன்டு இன் தி டவுன் வேர் ஹி வாஸ் பார்ன் க்ளோஸ்டு லாஸ்ட் மன்த்." தமிழில் "என் மாமா தான் பிறந்த ஊரில் திறந்த கடை போன மாதம் மூடிவிட்டது." சீனத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான்: மாமா, பிறந்த ஊரில், திறந்த கடை, போன மாதம், மூடியது. ஆங்கிலத்தில் கடை முதலில் வந்துவிடுகிறது. அதன் வாலில் மாமா வருகிறார், ஊர் வருகிறது, அந்த ஊருக்கும் ஒரு வால் முளைக்கிறது, அதெல்லாம் முடிந்த பிறகு திடீரென்று 'க்ளோஸ்டு' வந்து நிற்கிறது. மூடியது எது என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் "ஊர்" என்றார்கள். அந்த வாக்கியத்தில் அவர்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வாக்கியத்தில் காலம் காட்டும் வினைகளை எண்ணுங்கள். பிறகு வாக்கியங்களை இணைக்கும் சொற்களை, அதாவது தட், ஹூ, விச், வேர், பிகாஸ் போன்றவற்றை எண்ணுங்கள். இணைப்புச் சொற்களைவிட வினை ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். மேலே உள்ளதில் இணைப்பு இரண்டு, வினை மூன்று: ஓப்பன்டு, வாஸ் பார்ன், க்ளோஸ்டு. ஒவ்வொரு இணைப்புச் சொல்லும் தன்னுடன் ஒரு வினையை அழைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சி நிற்கும் வினைதான் முதல் பெயருக்குச் சொந்தம். கணக்கு இடிக்கிறது என்றால் ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது. 'தட்' சில சமயம் விடுபட்டு "தி ஷாப் மை அங்கிள் ஓப்பன்டு" என்று வரும். இல்லையென்றால், வினை போலத் தெரியும் ஒன்று வினையே இல்லை. "தி ஷாப் ஓப்பன்டு பை மை அங்கிள் க்ளோஸ்டு" என்பதில் ஓப்பன்டு வினைமுற்று கிடையாது, 'மாமாவால் திறக்கப்பட்ட' என்ற எச்சம். இந்த ஒன்றைப் புரியவைக்க எனக்கு முழுதாக இரண்டு வாரம் பிடித்த வகுப்புகள் உண்டு. அந்த இரண்டு வாரம் வீணாகவில்லை.

தினமும் பத்தியிலிருந்து மிக நீளமான மூன்று வாக்கியத்தை மட்டும் எடுக்கட்டும். சீனத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: 'சாங் நான் ஜூ', நீண்ட கடினமான வாக்கியம். வால்களைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு, மிஞ்சியதை முதலில் வாசிக்கட்டும். "கடை போன மாதம் மூடியது." பிறகு அடைப்பை ஒவ்வொன்றாகத் திறக்கட்டும். கடைசியில் முழு வாக்கியத்தையும் சீனத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும். உங்களுக்குச் சீனம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். தன் மொழியில் தடையில்லாமல் சொல்ல முடியாத வாக்கியம் அவளுக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டுவதை நம்ப வேண்டாம்.

இன்னும் இரண்டு இடத்தில் சீன மொழிப் பழக்கம் காலை வாரிவிடும். சீனத்தில் 'சுய்ரான்' என்று ஆரம்பித்தால் பின்னால் 'தான்ஷி' வரும். 'இருந்தாலும்', 'ஆனால்' என்று இரண்டு கம்பமும் நட்டு வைப்பது அவர்கள் வழக்கம். ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வந்தால் 'பட்' வராது. இரண்டாவது கம்பத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவருக்குப் பேச்சு எங்கே திரும்பியது என்பதே தெரியாமல் போகும். எழுதியவரின் உண்மையான கருத்து பெரும்பாலும் அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான் இருக்கும், கேள்வியும் அங்கிருந்துதான் வரும். ஆல்தோ, வைல், ஹவெவர், யெட் ஆகியவற்றைக் கண்டதும் வட்டமிடப் பழகட்டும்.

இன்னொன்று இட், தே, திஸ், விச் போன்ற சுட்டுச் சொற்கள். சீனத்தில் யார், எது என்பது விளங்கும்போது அந்தச் சொல்லையே விட்டுவிடுவார்கள். நாமும் விடுகிறோம், ஆனால் நமக்கு 'வந்தான்', 'வந்தது' என்று வினையே ஆளைச் சொல்லிவிடும். சீன வினைக்கு அந்த விகுதி கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் வரும் 'இட்' அவர்கள் கண்ணில் ஒரு தூசி போலத்தான் படும். ஒவ்வொரு சுட்டுச் சொல்லிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்கு ஒரு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். முதல் வாரம் அலுப்பாக இருக்கும். மூன்றாவது வாரம் அம்பு போடாமலே கண் போய்விடும்.

அப்புறம் விடைகளைத் தேர்ந்தெடுப்பது. சீனப் பள்ளிகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு: மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு. தெரியாவிட்டால் 'சி' போடு என்றும் சொல்வார்கள். கடைசி நிமிடத்தில் ஒன்றுமே தெரியாதபோது எதையாவது குறிக்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அதையே முறையாக வைத்துக்கொண்டால் ஒன்பதைத் தாண்டவே முடியாது. சரியான விடை பெரும்பாலும் பத்தியின் சொற்களைத் திரும்பச் சொல்லாது, அதே கருத்தை வேறு சொற்களில் சொல்லும். 'துங் யி தி ஹுவான்' என்பார்கள், அதே பொருளுக்கு வேறு சொல் வைப்பது. பத்தியில் "பலரால் அதை வாங்க முடியவில்லை" என்று இருந்தால் விடையில் "விலை அதிகம்" என்று இருக்கும். பத்தியின் சொற்களை அப்படியே எடுத்துக் கோத்திருக்கும் விடையைத்தான் சந்தேகப்பட வேண்டும், பொறி வைப்பது அங்கேதான்.

ஒவ்வொரு கேள்விக்கும், சரியான விடைக்கு ஆதாரமான வரியை அடிக்கோடிட வேண்டும். மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒவ்வொரு வரி சீனத்தில் எழுத வேண்டும்: பத்தியில் இல்லை, பாதி உண்மை, காரணமும் விளைவும் மாறிவிட்டன, 'எல்லோரும்' என்று மிகைப்படுத்திவிட்டது, இப்படி. குறிப்பாக ஒரு வகைத் தவறைக் கவனியுங்கள். பத்தி எதைப் பற்றி என்று கேட்டால், உலகத்தில் பொதுவாக நல்லது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட விடையைப் பிள்ளைகள் எடுத்துவிடுகிறார்கள். உழைப்பு உயர்வு தரும், சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்பது போல. சீனப் பாடத்தில் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் மையக் கருத்து எழுதிப் பழகியதன் விளைவு இது என்று நினைக்கிறேன். அந்த வரி உண்மையா என்பது கேள்வியே கிடையாது. அது இந்தப் பத்தியில் இருக்கிறதா என்பதை மட்டும் அவள் பார்க்க வேண்டும்.

இப்படிச் செய்தால் தினம் இரண்டு பத்தி சாத்தியமில்லை. வேண்டவும் வேண்டாம். ஒரு பத்திக்கு இரண்டு நாள் போதும். முதல் நாள் எட்டு நிமிட வாசிப்பு, பிறகு சிவப்புப் பேனா. இரண்டாம் நாள் நீண்ட வாக்கியங்கள், அம்புகள், தவறான விடைகளுக்குக் காரணம். மூன்றாம் நாள் காலை, அந்தக் கல்லூரிகளில் வழக்கமாக இருக்கும் காலை வாசிப்பு நேரத்தில், முழுதாகப் புரிந்துவிட்ட அந்தப் பத்தியை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கட்டும். அர்த்தம் நிற்கும் இடத்தில் நிறுத்தி, துண்டு துண்டாகப் படிக்க வேண்டும். வேகக் குறைவுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. புரியாத பத்தியைச் சத்தமாகப் படிப்பதில் மட்டும் எந்தப் பயனும் இல்லை.

எதைப் படிப்பது என்றால், சொந்த மாகாணத்தின் உண்மையான பழைய வினாத்தாள்கள்தான் முதல். 'ஜென்தி' என்று கேட்டால் கிடைக்கும். கடைசி இரண்டு வருடத் தாளை மட்டும் இப்போது தொட வேண்டாம், தேர்வுக்கு முந்தைய மாதத்துக்கு எடுத்து வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் டிப்ளமோ மாணவர்களுக்கான 'ஏ' நிலைத் தேர்வின் பத்திகள். அவை எளிதாகத் தோன்றினால் பட்டப்படிப்பு மாணவர்கள் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வின் பத்திகள், அதிலும் ஆழ வாசிக்கும் பகுதி மட்டும். பயிற்சி நிறுவனங்கள் தாமாகத் தயாரித்து விற்கும் மாதிரித் தாள்களை நான் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன். அவற்றில் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சரியாக வரும் இடங்கள் உண்டு, அது மாணவருடைய நம்பிக்கையையே குலைத்துவிடும்.

தேர்வு அறையில் பத்தியின் முதல் இரண்டு வாக்கியத்தைப் படித்துவிட்டு, கேள்விகளை மட்டும் பார்க்கட்டும், கொடுத்திருக்கும் நான்கு விடைகளைப் பார்க்க வேண்டாம். பிறகு பத்தியை முழுதாகப் படிக்கட்டும். விடைகளை முன்பே படித்தால் நான்கில் மூன்று பொய் மனதில் ஏறிவிடும். பத்து நிமிடத்தைத் தாண்டிய பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் ஐந்து விடையையும் உடனே விடைத்தாளில் 2பி பென்சிலால் நிரப்பிவிடட்டும். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்று வைத்து, ஒரு வட்டம் தள்ளிப்போய், வரிசையாகப் பதினைந்து விடை இடம் மாறிய ஒரு பையனை எனக்குத் தெரியும்.

இந்த வாரம் அவளுக்குப் புதுப் பத்தி எதுவும் கொடுக்க வேண்டாம். போன மாதம் செய்து தூக்கிப் போட்ட தாள்களில் விடை மறந்துபோன நான்கு பத்தியை எடுத்து, இரண்டு பேனாவோடு உட்காரச் சொல்லுங்கள். நீலம் எத்தனை, சிவப்பு எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். சிவப்பு பதினான்குக்குக் கீழே இருந்தால் அவள் தப்பாகப் படித்த வாக்கியங்கள் ஐந்தாறையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த வாலில் சிக்கிக்கொள்கிறாள் என்று பார்த்துச் சொல்கிறேன்.